வெற்றிடக் குழாயும் வீட்டிசையும்

புத்தளம் நகரை அடுத்துக் களப்போரமாகக் கிடக்கும் ஊர் தில்லையடி. தென்னாபிரிக்க அறப்போராட்டத்தில் உயிர்நீத்த வள்ளியம்மையின் பெற்றோரது ஊராகிய தில்லையாடி தமிழகத்திலுள்ளது. பெயரொற்றுமை கண்டு இரண்டையும் ஒன்றென மயங்குவோரும் உளர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் இத்தில்லையடியிற் குடியேறினர். முதலிற் கிடுகுக் கொட்டில்களாகவும் பின்னர்க் கல்வீடுகளாகவும் எழுந்த அக்குடியிருப்புகளுள் ஒன்றிலே, தந்தைக்கும் மகனுக்கும் இடையில் ஒரு வழக்கு நெடுநாள் நடந்தது. காணி வழக்கன்று, சீதன வழக்குமன்று. வீட்டிலிருந்து பாட்டுக் கேட்பதற்கு எவ்வகையான வெற்றிடக் குழாய் விரியலாக்கியை அமைப்பது என்பதே வழக்கு.

தந்தையார் யாழ்ப்பாண நகரிலே வானொலி திருத்துபவராக வாழ்ந்தவர். 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த காலம் அவருடைய தொழிலுக்குப் பொற்காலமாயிற்று. புதிய பெட்டி வாங்க வழியற்ற மக்கள் பழைய பிலிப்ஸ், பை, மர்பி பெட்டிகளையே மீண்டும் மீண்டும் திருத்துவித்து வைத்துக்கொண்டனர். 1977இன் பின், திறந்த சந்தையோடு யப்பானியக் கசற் கருவிகள் வெள்ளமாக வந்திறங்கியபோது, குழாய்ப் பெட்டிகள் கடையின் பின்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை அவர் தமக்கென எடுத்துக்கொண்டார். மாலையில் இலங்கை வானொலியும் திருச்சி வானொலியும் அதனூடே பேசின. நாகூர் ஹனிபாவின் குரல் அதனூடே வீட்டை நிறைத்தது. 1990இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். கையோடு கொண்டுசெல்ல விடப்பட்டவை மிகச் சில. பெட்டி மேசைமீதே இருந்துவிட்டது.

மகன் முகாம் வாழ்விற் பிறந்தவன். கைத்தொலைபேசி திருத்தும் தொழில் செய்பவன். அப்பெட்டியை அவன் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. எந்தப் பாட்டு எந்தக் கருவியில் ஒலித்தாலும், "இது அந்தச் சத்தம் இல்லை" என்று தந்தையார் சொல்வதைக் கேட்டே வளர்ந்தான். அந்தச் சத்தம் எதனால் உண்டாயிற்று, அதனை மீளவும் உண்டாக்க முடியுமா என்ற வினா, விரியலாக்கி வழக்கின் அடியிலே சொல்லப்படாமற் கிடந்தது.

அமைப்புகளை ஒப்புநோக்குமுன் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு வேண்டும். அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் அவற்றைத் தழுவிய பாடநூல்களும் இருவாயி, மூவாயி, ஐவாயி, நெய்யரி என்றெல்லாம் வழங்கின. பட்டறையிலோ யாவும் 'வால்வு'. மூவாயி என்பது அழகிய ஆக்கமே; ஆயினும் கையிற் பற்றாசுக் கோலோடு இருப்பவர் வாயில் அது நுழைந்ததில்லை. 1906இல் லீ டி பொறெஸ்ற் அமைத்த மூவாயியிலே, சூடேறிய கதோட்டு இலத்திரன்களை உமிழ்கின்றது. அனோட்டு அவற்றை இழுக்கின்றது. இடைநிற்கும் நெய்யரி தன்மீது வரும் சிறிய அழுத்த மாற்றத்தால் அப்பாய்ச்சலைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கின்றது. 1926இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரெலஜன் என்பார் மேலும் இரண்டு நெய்யரிகளை உட்புகுத்தி ஐவாயியை ஆக்கினார். ஐவாயி சிறிய குறிப்பிலிருந்து பெரிய வலுவைத் தரும். ஆனால் அதன் உட்டடை மிகப் பெரிது. இந்த உட்டடையை வாசகர் நினைவில் இருத்துவாராக. வழக்கின் தீர்ப்பு அதனிடமே போய் நிற்கின்றது.

தந்தையாரின் கட்சி எளிமையானது. பழைய பெட்டிகளில் இருந்தவாறே ஈ.எல். 84 என்னும் ஐவாயி ஒன்று. அதற்கு முன்னே ஈ.சீ.சீ. 83 என்னும் இரட்டை மூவாயியின் ஒரு பாதி, சிறிய வெளியீட்டு நிலைமாற்றி ஒன்று, ஒலிபெருக்கி ஒன்று. ஒரு பக்கத்துக்கு இவ்வளவே. பட்டறையில் 'சிங்கிள் எண்ட்' எனப்படும் இவ்வமைப்பை ஒற்றைமுனை அமைப்பு எனலாம். இசையலையின் மேற்பாதி கீழ்ப்பாதி இரண்டையும் ஒரே குழாய் சுமப்பதால் அதற்கு ஓய்வென்பது இல்லை. பாட்டு ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் 250 வோல்ற்றில் 48 மில்லியம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். அஃதாவது 12 வாற்று அனோட்டிலே கனலும். இழையைச் சூடேற்ற மேலும் ஏறத்தாழ 5 வாற்று. இவ்வளவு எரித்துப் பெறும் இசை 5 வாற்றுக்குச் சற்று மேல். அந்த உச்சத்திலே திரிபு பத்து வீதத்தைத் தொடும். புத்தளத்து வெயிலுக்கு இஃது இன்னுமோர் அடுப்பு என்று மகன் நகையாடினான்.

தந்தையார் அதற்கு அசையவில்லை. பாகம் குறைந்தாற் பழுதும் குறையும் என்பது அவர் வாதம். மின்சாரம் எட்டாத ஊர்களிலே 90 வோல்ற்று உலர்மின்கலத்தில் இயங்கிய பெட்டிகள் கால் வாற்று ஒலிகூடத் தந்ததில்லை. அதனைக் கேட்க முற்றம் நிறையச் சனம் கூடியது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். இந்த வாதம் வெறும் பழம்பெருமையன்று. வாற்று எண்ணிக்கை கண்டு பொருளின் தரத்தை மதிப்பிடும் இக்காலத்தவர் அதனை எளிதிற் தள்ளிவிடல் ஆகாது.

மகன் பிடித்தது மூவாயிக் கட்சி. 1930களில் அமெரிக்கத் திரையரங்குகளின் ஒலிக்கருவிகளுக்காக வெஸ்ரேண் இலெக்ற்றிக் நிறுவனம் ஆக்கிய 300 பி என்னும் குழாய் அவன் உள்ளத்தைக் கவர்ந்தது. ஐவாயியும் தள்ளிழு அமைப்பும் வந்தபின் வீட்டிசையில் மங்கிப்போன ஒற்றைமுனை மூவாயியை 1970களில் யப்பானிய இசையார்வலர் மீட்டெடுத்தனர். 300 பி ஒற்றைமுனையில் ஏறத்தாழ 8 வாற்றுத் தரும். அதன் உட்டடை சுமார் 700 ஓம், ஈ.எல். 84இன் உட்டடையோ 40,000 ஓமை அண்மிக்கும். மூவாயி உண்டாக்கும் திரிபிலும் ஒரு நயம் உண்டு. அதிற் பெரும்பகுதி மூலத்தொனியின் இருமடங்கு மீடிறனுடையது; அதாவது அதே சுரத்தின் மேல்தாயி. பாடகரோடு கூடவே இன்னொருவர் மேல்தாயியில் மெல்லச் சேர்ந்து பாடினாற் போன்றது அது. காதுக்கு அது பகையாவதில்லை. சிலவேளை இனிமையென்றே தோன்றும். குழாயிசையின் 'வெப்பம்' என்று போற்றப்படுவதில் ஒரு பகுதி இந்த இனிய பொய்யே.

ஆயினும் 300 பிக்கு எதிராக இரண்டு தடைகள் நின்றன. ஒன்று விலை. 2022இல் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவையும் தாண்டியபோது, வெளிநாட்டுக் குழாய்ச் சோடி ஒன்று அவ்வீட்டுக்குக் கனவாயிற்று. மற்றையது கணக்கு. மகனிடமிருந்த சிறிய மூடிய ஒலிபெருக்கிகள் ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றர்த் தூரத்தில் 87 டெசிபல் ஒலிப்பவை. பழைய வானொலிகளின் மெல்லிய காகிதக் கூம்புகளிற் சில 96 டெசிபல்வரை செல்லக்கூடியவை. ஒன்பது டெசிபல் வேறுபாடு என்பது வலுவில் எட்டு மடங்கு. எனவே பழைய கூம்பில் 3 வாற்றுச் செய்யும் வேலையைப் புதிய பெட்டியிற் செய்ய 24 வாற்று வேண்டும். பெருமைமிக்க விரியலாக்கியை வாங்கிப் பொருத்தமற்ற ஒலிபெருக்கியோடு இணைப்பவர்கள் பெறும் ஏமாற்றத்துக்கு இந்த எளிய கணக்கைச் செய்யாமையே காரணம்.

இவ்விடத்திலே மூன்றாவது கட்சி தலையெடுத்தது. 'புஷ்-புல்' என வழங்கும் தள்ளிழு அமைப்பில் இரண்டு குழாய்கள் எதிரெதிராக வேலை செய்கின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இதனால் விளையும் பேறுகள் பல. இரு குழாய்களின் நேரோட்டமும் நிலைமாற்றியின் அகணியில் ஒன்றையொன்று அழிப்பதால் இரும்பு நிரம்பலடைவதில்லை. ஒற்றைமுனை நிலைமாற்றிக்கோ அகணியில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விடவேண்டும்; அவ்விடைவெளி தாழ்ந்த சுரங்களைத் தின்றுவிடும். தள்ளிழு அமைப்பில் முற்கூறிய இருமடங்கு மேற்றொனியும் அழிந்துபோகும். அது நன்மையா தீமையா என்பதிலே இன்றும் இசையார்வலர் இருபாலாவர்.

தள்ளிழு அமைப்பின் வரலாற்றில் 1947 மறக்கவியலாத ஆண்டு. அவ்வாண்டு 'வயர்லெஸ் வேள்ட்' இதழில் வில்லியம்சன் வெளியிட்ட விரியலாக்கி 15 வாற்றில் 0.1 வீதத் திரிபே கொண்டிருந்தது. 1927இல் ஹறோல்ட் பிளாக் கண்ட எதிர்ப் பின்னூட்டலை அவர் துணிந்து கையாண்டார். வெளியீட்டின் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்குத் திருப்பி, கருவி தான் செய்த பிழையைத் தானே கண்டு திருத்தச் செய்வது அம்முறை. 1951இல் ஹாப்லரும் கேரோசும் 'அல்ட்ரா லீனியர்' இணைப்பை விளக்கினர். நிலைமாற்றியின் முதற்சுருளில் 43 வீதச் சுற்றுகள் கழிந்த இடத்திலே ஒரு முனையை வெளியே எடுத்துத் திரை நெய்யரியோடு இணைத்தால், குழாய் ஐவாயியின் வலுவையும் மூவாயியின் மென்மையையும் ஓரளவு ஒருங்கே பெறும். பிரித்தானியரான புளூம்லைன் 1937இலேயே இதற்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தார். 1954இல் முல்லார்ட் நிறுவனத்தின் 'ஐந்து-பத்து' அமைப்பு வெளிவந்தது; ஐந்து குழாய், பத்து வாற்று என்பது அப்பெயரின் பொருள். அதன் இறுதிக்கட்டத்தில் நின்றவை இரண்டு ஈ.எல். 84 குழாய்கள். தந்தையார் விரும்பிய குழாயும் மகன் வேண்டிய வலுவும் ஓரிடத்திற் சந்தித்தன.

நிலைமாற்றியே இல்லாத குழாய் விரியலாக்கிகளும் உண்டு. பல குழாய்களைச் சமாந்தரமாக எரித்து ஒலிபெருக்கியை நேரே இயக்குபவை அவை. புத்தளத்தில் அவற்றைப் பற்றிப் பேசுவதே வீண். சிறிய சில்லு ஒன்றில் அடங்கிய இக்கால விரியலாக்கியின் நிலை வேறு. சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் அது, சூடேறாமல், மேற்சொன்ன எளிய குழாய் அமைப்புகளிலும் குறைந்த திரிபோடு இயங்கும். அளவை நோக்கில் அதுவே வெல்கின்றது. இதனை மறைத்துக் குழாய்க்குப் புகழ்மாலை சூட்டுவது நேர்மையன்று. மகன் இதனையும் ஒருநாள் எடுத்துச் சொன்னான். "சிப்பு எரிஞ்சால் எறியத்தான் வேணும் மகன். வால்வு போனால் நான் மாத்துவன்" என்றார் தந்தையார். வாதத்தின் வன்மை விஞ்ஞானத்தில் இல்லை, கைகளில் இருந்தது. முப்பது ஆண்டுகள் செய்த தொழிலுக்கு வேலை கொடுக்கக்கூடிய கருவி எதுவோ அதுவே அவருக்கு நல்ல கருவி.

ஆக, இரண்டு ஈ.எல். 84 கொண்ட தள்ளிழு அமைப்பு என்று முடிவாயிற்று. ஆனால் குழாய் விரியலாக்கியின் உயிர் கண்ணாடிக்குள் இல்லை. இரும்பிலும் செம்பிலும் இருக்கின்றது. 8,000 ஓம் சுமையை நாடும் குழாய்களையும் 8 ஓம் ஒலிபெருக்கியையும் மணமுடித்து வைப்பது வெளியீட்டு நிலைமாற்றி. அதனை வெளிநாட்டிலிருந்து தருவித்தாற் குழாய்களின் விலையைப் பன்மடங்கு விஞ்சும். தந்தையார் தாமே சுற்றத் துணிந்தார்.

பழுதான வோல்ற்றளவு நிலைநிறுத்திகளைப் பழையிரும்புக் கடையில் வாங்கித் தகடுகளைக் கழற்றினார்கள். களப்பின் உப்புக்காற்று அரித்தவற்றை ஒதுக்கி, நல்லனவற்றுக்கு வார்னிஷ் பூசினார்கள். தடங்கல் விகிதம் ஆயிரமாயின் சுற்று விகிதம் அதன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 31.6. முதற்சுருளுக்கு 2,400 சுற்று, துணைச்சுருளுக்கு 76. நடுவிலிருந்து இருபுறமும் 1,200 சுற்றுகள். அவற்றில் 43 வீதமாகிய 516ஆவது சுற்றிலே திரை நெய்யரிக்கான முனை. இவற்றை ஒரே மூச்சிற் சுற்றிவிட்டால் நிலைமாற்றி உயர்ந்த சுரங்களை இழந்துவிடும். முதற்சுருளை நான்கு பகுதியாகவும் துணைச்சுருளை மூன்று பகுதியாகவும் பிரித்து, சோற்றுப் பொதியில் சோறும் கறியும் அடுக்குவதுபோல மாறி மாறி அடுக்கவேண்டும். 0.2 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள எனாமற் கம்பி. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே காகிதம். மரத்தாற் செய்த கைச்சுற்றியைத் தந்தையார் திருப்ப, மகன் எண்ணிக்கையைக் குறித்தான். முதலாவது நிலைமாற்றி 1,700ஆம் சுற்றளவில் கம்பி அறுந்து வீணாயிற்று. எழுபதைத் தாண்டிய கண்களுக்கு அக்கம்பி தெரியவில்லை. விரலின் உணர்ச்சியே வழிகாட்டியது. இரண்டு பக்கத்துக்கும் சுற்றி முடிக்க ஒரு மழைக்காலம் சென்றது.

பின்னூட்டலின் அளவு குறித்து மீண்டும் ஒரு சிறு பிணக்கு. முல்லார்ட் அமைப்பு ஏராளமான பின்னூட்டலைக் கையாண்டது. ஆனால் கையாற் சுற்றிய நிலைமாற்றி உயர்ந்த மீடிறன்களிற் குறிப்பைத் தாமதிக்கச் செய்யும். திருத்தவேண்டிய பின்னூட்டல் நேரந்தவறி வந்து சேர்ந்தாற் கருவி தானே ஊளையிடத் தொடங்கிவிடும். எனவே 12 டெசிபலோடு நிறுத்தினார்கள். திரிபு ஏறத்தாழ நாலில் ஒன்றாயிற்று. குழாய்கள் சோவியத்து நாட்டில் 6 பி 14 பி என்ற பெயரில் ஆக்கப்பட்டுப் பாவனைக்கு வராதிருந்தவை.

முதல் நாள் ஹனிபாவின் பாட்டொன்று வைக்கப்பட்டது. குரல் தெளிவாக, அறையின் நடுவே நின்றது. தந்தையார் முழுவதும் கேட்டார். "நல்லாயிருக்கு. ஆனால் அந்தச் சத்தம் இல்லை" என்றார்.

மகன் சினங்கொள்ளவில்லை. அவன் பழைய பெட்டிகளின் சுற்றுப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினான். மத்திய அலையில் வந்த ஒலியை வானொலிப் பெட்டியே நாலாயிரம், ஐயாயிரம் ஹேர்ட்சுக்கு மேல் வெட்டிவிடும். ஐவாயியின் பெரிய உட்டடை நிலைமாற்றியினூடே வந்தபோதும் ஒலிபெருக்கிக்குப் பல பத்து ஓமாகத் தோன்றும். கூம்பை அடக்கி ஆள யாருமில்லாமையால் அது தன் இயல்பான தாழ்சுரத்தில் நீண்டு முழங்கும். பெட்டியின் முதுகோ திறந்தது. இம்மூன்றையும் அவன் போலிசெய்தான். பழைய காகிதக் கூம்பொன்றை முதுகில்லாத பலகைப் பெட்டியிற் பொருத்தினான்; தொடராக 33 ஓம் தடையொன்றைச் சேர்த்தான்; உள்ளீட்டிலே 4,500 ஹேர்ட்சுக்கு மேற்பட்டவற்றை வெட்டும் கொள்ளளவியொன்றை வைத்தான். அவற்றைக் குழாய் விரியலாக்கியோடு அன்று, அந்தச் சில நூறு ரூபாச் சில்லோடு இணைத்தான்.

இஷாத் தொழுகை முடிந்து விறாந்தையில் இருந்த தந்தையார் எழுந்து உள்ளே வந்தார். "இதுதான் மகன்" என்றார். பாட்டு முடியும்வரை நின்றுகொண்டே கேட்டார். பின்னரே மகன் மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு குழாயும் இல்லை.

"அப்ப வால்வு என்ன செய்தது?"

"ஒண்டும் பெரிசாச் செய்யேல்லை வாப்பா. பெட்டியும் கூம்பும்தான் செய்தது."

அன்றிரவு அவர் அதிகம் பேசவில்லை. மறுநாட் காலையில் இருநிலை ஆளியொன்றைத் தேடியெடுத்துக் குழாய் விரியலாக்கியின் முன்தகட்டிற் துளையிட்டார். ஒரு நிலையில் கொள்ளளவியும் தடையும் காகிதக் கூம்பும் சேரும். மறு நிலையில் அவை விலகி, மகனின் ஒலிபெருக்கிகள் ஒலிக்கும். இரண்டு நிலைக்கும் அவர் பெயர் எழுதவில்லை. பல வாரங்கள் ஆளி முதல் நிலையிலேயே இருந்தது. ஒருநாள் மகன் இல்லாத வேளையில் மறுபக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறார். இளமை தொட்டுக் கேட்டு மனனமாயிருந்த பாட்டொன்றிலே, தாளக் கருவியின் விளிம்பிலிருந்து சிறு சலங்கையொலி ஒவ்வோர் அடிக்கும் உதிர்வதை அன்றுதான் கேட்டார். யாழ்ப்பாணத்து மேசைமீதிருந்த பெட்டி அதனை ஒருபோதும் அவருக்குச் சொன்னதில்லை. மகன் வந்ததும் அவ்விடத்தை நான்கு தடவை போட்டுக் காட்டினார்.

இப்போது ஆளி இருபக்கமும் திரும்புகின்றது. செய்திக்கு ஒரு பக்கம், பாட்டுக்கு வேறு பக்கம், சில பாட்டுகளுக்கு மட்டும் பழைய பக்கம். இடப்பக்கத்து நிலைமாற்றியில் மெல்லிய முரலொலி ஒன்று இன்னும் தீரவில்லை. தகடுகள் தளர்ந்திருக்கலாம் என்பது தந்தையார் எண்ணம். மின்வழங்கியின் நிலைமாற்றிக்கு மிக அருகில் வைத்ததே பிழை என்பது மகன் எண்ணம். மழை விட்டதும் கழற்றிப் பார்ப்பதாக இருக்கின்றார்கள்.